நாட்டுக்கு ஒரு அப்பா

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா தம்பி? எந்த நாட்டுல பார்த்தீங்க? சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்குறேன். அதைச் சொன்னாத்தான் நீங்க பார்த்தது யாருன்னு நான் சொல்ல முடியும்.

சினிமாவுலதான். ஒரே ஒரு படம். அதுலயும் ஒரே ஒரு சீன். பேரு உலகநாதன். அறந்தாங்கிப் பக்கம். மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவன். உக்காருங்க, உக்காருங்க. கோலாலம்பூர் விமானம் லேட்டுன்னு போர்டுல போட்டுட்டான். இந்த ஏர்போர்ட்டுல காபி வாங்கிக் குடிக்கிறதுக்குப் பேசிக்கிட்டே இருக்கலாம், செலவில்ல.

எங்க தெருவுல ஷூட்டிங்குக்கு வந்தாங்க. வந்தவங்க பெரிய வண்டி ஒண்ணைக் கொண்டாந்து என் வீட்டு வாசலை மறிச்சு நிப்பாட்டிட்டாங்க. நான் விடுவேனா? கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுப் போயி, "இது என்ன உங்கப்பன் வீட்டு ரோடா?"ன்னு ஒரு சத்தம் போட்டேன். கிராப்பு வெட்டின ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. அதுதான் டைரக்டராம். ஆதிரைன்னு பேரு. கோவமே வரல அதுக்கு. என்னை மேலயும் கீழயும் பார்த்துச்சு. "எங்கப்பன் வீட்டு ரோடு இல்லைங்கய்யா. ஆனா எங்க படத்துல ஒரு அப்பன் குறையுது. நீங்க நடிக்கிறீங்களா?"ன்னுச்சு. அப்புறம் எங்கே சண்டை போடுறது?

சீன் என்னன்னா, கதாநாயகியோட சின்ன வயசு. அவங்கப்பன் வீட்டுக்கு வர்றான். குடிச்சிருக்கான். பொண்டாட்டியை அடிக்கிறான். புள்ள கதவோரமா நின்னு பார்க்குது. பேப்பர்ல அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. "மிச்சத்தை நீங்க பண்ணுங்கய்யா"ன்னு சொல்லிருச்சு அந்தப் பொண்ணு.

பண்ணேன் தம்பி. கக்கத்துல ஒரு நாட்டுக்கோழி, இடுப்புல பாட்டிலு. வர்றேன். கோழியைத் தூக்கிச் செவுத்துல எறியறேன். பாட்டிலை எடுத்து ஒரு இழுப்பு. உக்கார்றேன், சோறு வருது. ஒரு வாய் வெச்சுப் பார்த்துட்டு, அப்படியே நிதானமா வாட்ச்சைக் கழட்டி ஜன்னல்ல வைக்கிறேன். அது பேப்பர்ல கிடையாது. அது எங்கப்பா. அடிக்கிறதுக்கு முந்தி வாட்ச்சைக் கழட்டி வெச்சிருவாரு, வாட்ச்சு மேல அம்புட்டு அக்கறை. அப்புறம் தட்டு பறக்குது. ரெண்டு வார்த்தை பேசுறேன், பொம்பளையாளுக இருக்கிற எடத்துல சொல்லக்கூடாத வார்த்தை. பெல்ட்டை உருவுறேன். எல்லாம் முடிஞ்சதும் புள்ளையைப் பக்கத்துல இழுத்து, தலையைத் தடவி, சிதறின சோத்துல நல்லதாப் பார்த்து உருட்டி ஒரு வாய் ஊட்டுறேன். அதுவும் நான் அனுபவிச்சதுதான். கட்டிலுக்கு அடியில கெடப்பேன், சத்தம் எல்லாம் ஓஞ்சதும் ஒரு கை வரும். தலையைத் தடவும். சோறு ஊட்டும். அதனாலதான் எங்கப்பாவை முழுசா வெறுக்கவும் முடியல எனக்கு, அதை விடுங்க.

ஒரே டேக்கு. கட் சொல்லவே மறந்துருச்சு அந்தப் பொண்ணு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, "எங்கய்யா கத்துக்கிட்டீங்க?"ன்னுச்சு. என் சம்சாரம் தையல்நாயகி வேடிக்கை பார்க்க வந்து நின்னுச்சு. "இதையெல்லாம் இவருக்கு ஒருத்தர் சொல்லியா தரணும்?"ன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொன்னுச்சு. பெருமையாத்தான் சொன்னுச்சு. சொல்லிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னு கிளம்பிப் போயிருச்சு. படம் வந்த பிறகும் அதுக்குப் பார்க்க நேரமே கிடைக்கல. அந்த சீன் வர்றப்பத்தான் கரெக்டா அடுப்புல பாலு பொங்கும். சினிமான்னா ஆர்வம் இல்ல, என்ன பண்றது.

சரி, படம் சென்சாருக்குப் போச்சு. அங்கேதான் ஆரம்பிச்சுது என் கெரகம்.

மொதல்ல நம்ம ஊரு. ரெண்டு வார்த்தைக்கும் சத்தத்தை எடுத்துட்டாங்க. வாய் மட்டும் அசையுது, பல்லுல என்னமோ மாட்டிக்கிட்டவன் மாதிரி. பாட்டிலை எடுத்ததும் காலடியில எழுத்து ஓடுது, குடி குடியைக் கெடுக்கும்னு. ஜனங்க என் மூஞ்சியைப் பார்ப்பாங்களா, எழுத்தைப் படிப்பாங்களா? கோழிக்கு மிருகங்களைப் பார்த்துக்கிறவங்ககிட்ட சர்டிபிகேட் வேணுமாம். எடுக்கிறப்பவே வாங்கியிருக்கணுமாம். வாங்கல. அதனால என் கோழியைத் தூக்கிட்டு கம்ப்யூட்டர்ல ஒரு கோழி செஞ்சு ஒட்டினாங்க. ஒருத்தன் விமர்சனத்துல எழுதுறான், அந்தக் கோழி தத்ரூபமா நடிச்சிருக்குன்னு. கோழி!

சரி போகட்டும்னு விட்டேன். என் மகன் குவைத்துல இருக்கான். அங்கேயும் படம் வந்துச்சு. பார்த்துட்டு போன் பண்றான். "அப்பா, உங்க கையில ஒரு மேகம் இருக்குப்பா"ங்கிறான். என்னடான்னா, பாட்டிலை மறைக்கிறேன்னு பனிமூட்டம் மாதிரி போட்டுட்டானுங்க. நான் இடுப்புலேருந்து ஒரு மேகத்தை உருவி வாயில ஊத்திக்கிட்டுத் தள்ளாடுறேன். பக்கத்து சீட்டுக்காரன் அவன்கிட்ட கேட்டானாம், இந்த ஆளுக்கு ஆஸ்துமாவான்னு.

சிங்கப்பூர்ல என் மச்சினன் குடும்பம். "மாமா, இங்கே ஒண்ணும் வெட்டலை"ன்னான். குளுந்து போச்சு எனக்கு. அப்புறம் சொல்றான், படத்தை வெட்டலை, ஆளை வெட்டிட்டாங்களாம். பதினாறு வயசுக்குக் கீழ இருந்தா உள்ளயே விடமாட்டாங்களாம். வாசல்ல அடையாள அட்டை கேட்டிருக்கான். இவன் மட்டும் உள்ளே போயிட்டான். பொண்டாட்டி புள்ளைங்க வெளியில உக்காந்து பாப்கார்ன் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருக்காங்க. லண்டன்ல பெல்ட்டால அடிக்கிற இடத்தைக் கத்தரிச்சுட்டாங்க, சின்னப் பசங்களும் வரணும்னு படத்தை வாங்கினவரே கத்தரிச்சாராம். ஆக லண்டன்ல நான் பெல்ட்டை உருவுறேன். அடுத்த காட்சியில பெல்ட்டைக் காணோம். ஏதோ பேன்ட் லூசாயிட்ட ஆளு மாதிரி.

பேரு உலகநாதன். உலகத்துல ஒரு நாட்டுலயும் நான் முழுசா ஓடல.

ஆதிரைக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் பொரிஞ்சேன். அது நல்ல பொண்ணு, பொறுமையா எடுத்துச் சொன்னுச்சு. இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்லையாம். சினிமா பொறந்த கொஞ்ச காலத்துலயே கத்தரியும் பொறந்துருச்சாம். சுவீடன்னு ஒரு நாடு, நம்மளுக்கெல்லாம் முந்தி கவர்மெண்டே ஆபீஸ் போட்டு வெட்ட ஆரம்பிச்சதாம். நூறு வருஷம் வெட்டிப் பார்த்துட்டு, பெரியவங்க பார்க்கிற படத்துல கையை வைக்கிறதில்லைன்னு ஆபீஸை மூடிட்டாங்களாம். அமெரிக்காவுல ஒரு காலத்துல, கட்டின புருஷன் பொண்டாட்டியா இருந்தாலும் சினிமாவுல ஆளுக்கொரு கட்டில்ல படுத்திருப்பாங்களாம். பிற்பாடு அதை விட்டுட்டு, வெட்டுறதுக்குப் பதிலா எந்த வயசுக்காரங்க பார்க்கலாம்னு எழுத்துப் போட ஆரம்பிச்சாங்களாம். நம்ம மெட்ராஸ்ல வெள்ளைக்காரன் காலத்துல போலீஸ் கமிஷனர்தான் தலைமையாம். ராட்டையைக் காட்டினா வெட்டு, கதர்க்குல்லா வந்தா வெட்டு. "ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பயம்யா. எதை வெட்டுறாங்கன்னு பார்த்தா அவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு தெரிஞ்சிரும்"னுச்சு. அது படிச்ச பொண்ணு, பேசும். நான் சொன்னேன், "பயப்படுறவன் எதுக்கும்மா சினிமாவுக்கு வர்றான்? வீட்டுல இருக்க வேண்டியதுதானே?"

இதையே ஒரு யூடியூப்காரன் வந்து மைக்கை நீட்டினப்பவும் சொன்னேன். வெட்டுறவன் கலைக்கு எதிரி, உண்மையை எவன் மறைச்சாலும் அவன் கோழைன்னு. நல்லா ஓடுச்சு அந்தப் பேட்டி. நீங்க அதைப் பார்த்திருக்கலாம்.

இப்பத்தான் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒரு அண்ணன். செல்லத்துரை. மலேசியாவுல கிள்ளான்ல மாலைக் கடை வெச்சிருக்காரு. மீசை மொளைக்கிறதுக்கு முந்தியே ஊரைவிட்டுப் போனவரு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு இருபது வருஷம் பக்கம் ஆச்சு. எதுக்குன்னா, எங்கப்பா செத்ததுக்குக் காரியம் பண்ண வந்திருந்தாரு. வந்த சனங்ககிட்ட எல்லாம் "எங்கப்பா மாதிரி தங்கமான மனுஷன் உண்டா"ன்னு சொல்லிக்கிட்டு நிக்கிறாரு. எனக்கு எரிஞ்சுது. "அண்ணே, நீங்க சின்ன வயசுல ஓடிப்போயிட்டீங்க. உங்களுக்கு என்ன தெரியும்? அம்மா பட்ட பாட்டைப் பார்த்தது நானு"ன்னேன். பளார்னு ஒண்ணு விட்டாரு, பந்தியில அத்தனை பேரு பார்க்க. அதோட சரி.

அந்த அண்ணன் போன் பண்றாரு தம்பி. படம் அங்கே வந்து நாலஞ்சு நாள் இருக்கும். எடுத்தா, அழுறாரு. "டேய் உலகு, பார்த்தேன்டா. அது அப்பாதான்டா. அப்படியே அப்பாவைக் கொண்டாந்துட்டேடா"ங்கிறாரு. சரி, ஒருவழியா உண்மையை ஒத்துக்கிட்டாருன்னு நினைச்சேன். "அந்த வாட்ச்சைக் கழட்டி வைக்கிறது, புள்ள தலையைத் தடவுறது, அந்தச் சோறு ஊட்டுறது... என்னமா நடிச்சிருக்கேடா"ங்கிறாரு. அடிச்சதைப் பத்திப் பேச்சே இல்ல.

விசாரிச்சா, அங்கே குடும்பத்தோட வந்து பார்க்கிற சர்டிபிகேட்டுக்காக, படத்தை வாங்கினவரே நடுவுல இருந்ததை மொத்தமா அள்ளிட்டாராம். பாட்டில் இல்ல, பெல்ட் இல்ல, ஒண்ணும் இல்ல. வேலை முடிஞ்சு அப்பா வர்றாரு, வாட்ச்சைக் கழட்டுறாரு, புள்ளைக்குச் சோறு ஊட்டுறாரு. பொண்டாட்டி ஓரமா நின்னு கண்ணைத் தொடைக்கிறா. சந்தோஷத்துல அழுறாள்னு ஜனங்க நினைச்சுக்கிட்டாங்க! பின்பாதியில கதாநாயகி, அப்பன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்னு நிக்கும். கிள்ளான் தியேட்டர்ல அந்தப் பொண்ணைத் திட்டினாங்களாம், இப்பேர்ப்பட்ட தகப்பனைப் போயி இப்படிப் பேசுறாளே, உருப்படுவாளான்னு.

நான் அண்ணன்கிட்ட வாயைத் திறக்கல. இருபது வருஷம் கழிச்சுப் பேசுறாரு, அதை எப்படிக் கெடுக்கிறது? "ஆமாண்ணே, ஆமாண்ணே"ன்னேன். அதுக்கப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை போன். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. திடீர்னு ஒரு நாள், "கோயில் திருவிழாவுக்கு வர்றேன்டா. உன்னோட உக்காந்து அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கணும்"னாரு.

அதுக்குள்ள படம் வீட்டு டிவியில நெட்டு மூலமாப் பார்க்கிற மாதிரி வந்துருச்சு. அங்கே வெட்டு கிடையாது, மூலையில பதினெட்டுன்னு ஒரு நம்பர் மட்டும். என் கோழியைத் தவிர எல்லாம் இருக்கு. பாட்டில், பெல்ட், அந்த ரெண்டு வார்த்தை, எல்லாம் முழுசா. என் மூஞ்சியை முழுசாப் பார்க்கணும்னு எத்தனை நாள் தவம் கிடந்தேன்! அது வந்த நேரம் பாருங்க.

ஆதிரைக்குப் போன் போட்டேன். "ஏம்மா, அந்த மலேசியா பிரிண்ட்டு ஒண்ணு கிடைக்குமா?"

"எதுக்குய்யா?"

"இல்ல, எங்கண்ணன் வர்றாரு. அதுல கொஞ்சம் அடக்கமா இருக்கும்ல."

சிரிக்குது. "உண்மையை மறைக்கிறவன் கோழைன்னு நீங்கதானேய்யா பேட்டி குடுத்தீங்க?"ங்குது. அது வேற, இது வேறம்மா, அது பொதுவிஷயம், இது குடும்பம்னு சொன்னேன். தரமாட்டேன்னுருச்சு. என்ன பிடிவாதம் பாருங்க இந்தக் காலத்துப் பொண்ணுகளுக்கு.

சரின்னு நானே ரிமோட்டை வெச்சுப் பழகினேன். வாட்ச்சைக் கழட்டினதும் ஒரு அமுக்கு அமுக்கினா, நேரா சோறு ஊட்டுற இடத்துல போயி நிக்கணும். தையல்நாயகி பார்த்துக்கிட்டே இருந்துச்சு. "எதுக்கு இந்தப் பாடு? பெரியவருக்குத் தெரியாததா?"ன்னுச்சு. "உனக்கு என்ன தெரியும், போடி உள்ளே"ன்னேன். போயிருச்சு.

அண்ணன் வந்தாரு. முடியெல்லாம் கொட்டிப்போயி, நடையில அப்படியே எங்கப்பா. மதியம் சாப்பிட்டுட்டு உக்காந்தோம். நானும் அவரும், தையல்நாயகி நிலைப்படியில. படம் ஓடுது. ரிமோட்டை இறுக்கிப் பிடிச்சிருக்கேன். அந்தக் கம்ப்யூட்டர் கோழியோட வர்றேன். "நல்ல கோழிடா"ங்கிறாரு அண்ணன். பாட்டிலை எடுக்கிறேன். இது கிள்ளான்ல இல்லை. அவரு கண்ணு டிவியிலயே இருக்கு. வாட்ச்சைக் கழட்டி ஜன்னல்ல வைக்கிறேன். அமுக்கினேன்.

பதட்டத்துல வேற பட்டனை அமுக்கிட்டேன் தம்பி. படம் கொஞ்சம் தாவிப் போயி அப்படியே நின்னுருச்சு. டிவி முழுக்க நான். பெல்ட்டை ஓங்கினபடி. பல்லைக் கடிச்சுக்கிட்டு. அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன், அசையவே மாட்டேங்குது. அண்ணன் என் கையிலிருந்த ரிமோட்டை மெதுவா வாங்கினாரு.

"விடுடா. ஓடட்டும்."

ஓடுச்சு. முழுசாப் பார்த்தாரு. ஒரு அடியைக்கூட விடல. அவரு முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரல, டிவியையும் பார்க்க முடியல. கீழே அவரு காலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். பெருவிரலால தரையை அழுத்திக்கிட்டிருந்தாரு. சீன் முடிஞ்சதும் டிவியை அணைச்சாரு.

"மன்னிச்சுக்கங்கண்ணே. கிள்ளான்ல இதை வெட்டிட்டாங்க. உங்களுக்குத் தெரிய வேணாம்னுதான்"னேன்.

"வெட்டிட்டாங்களா?"ன்னாரு. நெசமாவே தெரியல அவருக்கு. "தியேட்டர்ல நீ வாட்ச்சைக் கழட்டினதும் நான் கண்ணை மூடிக்கிட்டேன்டா. திறந்தப்ப புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தே. நடுவுல இருந்ததை நான் பார்க்கலைன்னு நினைச்சேன். வாட்ச்சு ஜன்னலுக்குப் போனா அடுத்து என்னன்னு எனக்குத் தெரியாதா? அம்மாவுக்கும் அவருக்கும் நடுவுல போயி நின்னவன்டா நான்." சட்டைக் கையை மேல தள்ளிக் காட்டினாரு. தோளுக்குக் கீழ ஒரு தழும்பு, பெல்ட்டு பக்கிள் அச்சு. நான் பார்த்ததே இல்ல தம்பி. கூடப் பொறந்தவன், பார்த்ததே இல்ல.

"அப்புறம் ஏண்ணே தங்கமான மனுஷன்னு சொல்லிக்கிட்டு நின்னீங்க?"

"போன இடத்துல எல்லாரும் கேப்பாங்க, உங்கப்பா எப்படின்னு. என்னத்தைச் சொல்றது? நல்லவருன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி அப்படியே ஆயிருச்சு. அவரு காரியத்தன்னிக்கு நீ வந்து அதைப் பிடுங்குறே. கை நீட்டிட்டேன். அவரு மாதிரியே நீட்டிட்டேன்."

சமாதானமா ஏதாவது சொல்லணும்னு, "ஆனா அண்ணே, அடிச்சாலும் அப்புறம் தலையைத் தடவிச் சோறு ஊட்டுவாருல்ல. அந்தப் பாசம் இருந்துச்சு"ன்னேன்.

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. "அதைத்தான் கேக்கணும்னு வந்தேன்டா. அதை எங்கேருந்து எடுத்தே?"

"எங்கேருந்துண்ணே எடுப்பேன்? அப்பாதான். நான் கட்டிலுக்கு அடியில கெடப்பேன், கை வரும்..."

"டேய், அவரு அடிச்சு முடிச்சா வாட்ச்சைக் கட்டிக்கிட்டு வெளியில போயிருவாரு. சோறு ஊட்டினது நான்டா. விளக்கு உருண்டு அணைஞ்சு கெடக்கும். உனக்கு மூஞ்சி தெரிஞ்சிருக்காது. பேசினா நீ அழுவேன்னு நானும் பேசமாட்டேன். தியேட்டர்ல அதைப் பார்த்துட்டுத்தான்டா அழுதேன். இவனுக்கு ஞாபகம் இருக்கேன்னு."

தையல்நாயகி நிலைப்படியிலிருந்து எழுந்து வந்து அவருக்கு மோர் குடுத்துச்சு. எனக்குக் குடுக்கல. மறந்திருக்கும்.

அவரு ஊருக்குப் போன பிறகு ஆதிரைக்கு மறுபடி போன் போட்டேன். "அம்மா, கடைசியில நான் சோறு ஊட்டுறேன்ல, அது தப்பும்மா. அப்பா அப்படிப் பண்ணவே இல்ல. அதை வெட்டிரு"ன்னேன். அது சிரிக்கல. "ஐயா, எந்த நாட்டுலயும் யாரும் கையை வைக்காத இடம் அது. நான் வெட்டமாட்டேன்"னுருச்சு.

யோசிச்சுப் பார்த்தா சரிதான். குவைத்துல மேகத்தைக் குடிச்சேன், லண்டன்ல பெல்ட்டு போச்சு, கிள்ளான்ல எல்லாமே போச்சு. ஆனா சோறு ஊட்டுறது எல்லா ஊருலயும் இருக்கு. அது நான் நடிச்ச இடம் தம்பி, ஆனா அதுல இருக்கிறது எங்கண்ணன்.

கோலாலம்பூருக்குக் கூப்பிடுறாங்க பாருங்க. அங்கே அண்ணன் காத்துக்கிட்டிருப்பாரு. வாங்க, போவோம்.